டர்போ காருக்கு எந்த கிரேடு ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ பெட்ரோல் காரைக் கொஞ்சம் விரட்டி ஓட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஆயிலைப் பற்றித்தான். 30 போதுமா, 40 ஊற்றலாமா, டிராக்குக்குப் போனால் 50 வேண்டுமா? நான் என்ஜின் வடிவமைக்கிறவன் இல்லை. கோவையில் 2 லிட்டர் டர்போ செடான் ஒன்றை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். அதற்கு நானே ஆயில் மாற்றுகிறேன், அவ்வப்போது செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டுகிறேன், இரண்டொரு தப்பும் செய்திருக்கிறேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேனில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் என்ன?

பள்ளியில் பாகுநிலை என்று படித்திருப்போம். பெயரிலேயே பாகு இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகும் வெல்லப்பாகு, இறக்கிவைத்த கொஞ்ச நேரத்தில் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். ஆயிலும் சூடேற இளகும், ஆற ஆறக் கெட்டியாகும். எந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ.-யின் ஜே300 தரக்குறிப்பு வகுத்திருக்கிறது.

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிர்ச் சோதனையைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியில் ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்க வேண்டும், மைனஸ் 35-இல் பம்ப் அதை இழுக்க முடிய வேண்டும். 0டபிள்யூ-வுக்கு இந்த இரண்டும் இன்னும் ஐந்து டிகிரி கீழே. பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் அளப்பது, அந்தக் கெட்டித்தன்மையின் அலகு சென்டிஸ்டோக். 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் 30, 12.5-லிருந்து 16.3 வரை 40, அதற்கு மேல் 21.9 வரை 50.

30, 40 என்பவை வெறும் பெயர்கள், அளவுகள் இல்லை. 12.4 உள்ள ஆயில் 30 என்று விற்கும், 12.6 உள்ளது 40 என்று விற்கும். இரண்டையும் கையில் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே சமயம் 12.6-ம் 16-ம் ஒரே பெயரில்தான் விற்கின்றன.

நம்ம ஊரில் மைனஸ் 30 எங்கே இருக்கிறது? முன்னால் உள்ள எண்ணைப் பார்க்கவே வேண்டாமா?

ஊட்டியில் உறைபனி விழும் காலையில்கூட அந்தச் சோதனைகளின் பக்கத்தில் போக மாட்டோம். 15டபிள்யூ ஆயிலே மைனஸ் 20-இல் ஸ்டார்ட் ஆவதற்குத் தேர்ச்சி பெற்றதுதான். ஆகவே "ஸ்டார்ட் ஆகாது" என்ற பயத்துக்காக 0டபிள்யூ தேடி அலைய வேண்டாம்.

அதற்காக அந்த எண் பயனற்றது என்றும் சொல்ல மாட்டேன். 40 டிகிரியில் ஒரு சாதாரண 15டபிள்யூ-40 நூறு சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும், நல்ல 0டபிள்யூ-40 எழுபது, எண்பதில் இருக்கும். காலையில் முதல் ஐந்து நிமிடம் என்ஜின் இதை உணரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "0டபிள்யூ என்றால் தண்ணி ஆயில், நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்று பல மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். தாங்கும். 0டபிள்யூ-40-ம் 15டபிள்யூ-40-ம் 100 டிகிரியில் ஒரே கட்டத்துக்குள்தான் இருக்கின்றன. நிஸான் ஜி.டி-ஆர் ஆர்35, 3.8 லிட்டர் இரட்டை டர்போ. அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மொபில் 1 0டபிள்யூ-40 ஊற்றித்தான் வந்தது. சூட்டில் அதன் ஆயிலுக்கு இல்லாத வேலையா?

டர்போ இல்லாத காருக்கும் டர்போ காருக்கும் ஆயில் விஷயத்தில் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. முதலில் டர்போவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் புகைபோக்கிக் காற்றில் சுழலும் சக்கரம், மறுபக்கம் காற்றை அழுத்தும் சக்கரம், இரண்டையும் இணைப்பது விரலளவுகூட இல்லாத ஒரு தண்டு. சிறிய டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டும். பெரும்பாலான கார்களில் அதைத் தாங்குவது பால் பேரிங் இல்லை, ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ். அந்தப் படலம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் என்ஜினின் புகை 900 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டுக்குச் சில அங்குலத் தூரத்தில்தான் ஆயில் வேலை செய்கிறது. அங்கே ஆயில் தேங்கி நின்றால் தீய்ந்து கரியாகும். தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் பிசுக்குப் பிடித்துக் கறுத்திருக்குமே, அதுதான். ஆயில் வரும் சின்னக் குழாயை அந்தக் கரி அடைத்துவிட்டால் டர்போவின் கதை முடிந்தது.

பழைய சுபாரு டர்போக்களில் இந்தக் குழாயை மாட்டும் துளையுள்ள போல்ட்டுக்குள் (பான்ஜோ போல்ட்) ஒரு சின்ன வலை உண்டு. அது அடைத்து டர்போ போன கதைகளைச் சுபாரு வைத்திருப்பவர்கள் நிறையச் சொல்வார்கள். வலை சின்னதாக இருந்ததும், ஆயிலை நாள்கடந்து மாற்றியதும் சேர்ந்து செய்த வேலை அது. ஆயிலின் கிரேடுக்கு அதில் பங்கு குறைவு.

இரண்டாவது, பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள். இன்றைய டர்போ என்ஜின்கள் 1,500, 2,000 ஆர்.பி.எம்.-லேயே முழு டார்க்கை, அதாவது முழுச் சுழற்று விசையை, கொடுக்கின்றன. அந்தக் குறைந்த வேகத்தில் ஆயில் படலம் உருவாவதே கஷ்டம். சிலிண்டருக்குள் அழுத்தமோ உச்சத்தில் இருக்கிறது. நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோமே, பேரிங்குக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. ஒரு கியர் இறக்கி மிதித்தால் எந்த ஆயிலாக இருந்தாலும் என்ஜின் நன்றி சொல்லும்.

மூன்றாவது, பெட்ரோல் போய் ஆயிலில் கலப்பது. அது தனிக் கேள்வியாகக் கீழே வருகிறது.

எச்.டி.எச்.எஸ். என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன 100 டிகிரி அளவு, ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஆயில் தன் எடையால் மெதுவாக ஒழுகுவதை அளப்பது. என்ஜினுக்குள் ஆயில் அப்படி நிதானமாக ஒழுகுவதில்லை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நசுங்கி இழுபடுகிறது. 5டபிள்யூ-30 போல இரண்டு எண் உள்ள மல்டிகிரேடு ஆயிலில் கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த பாலிமர் இழைகள் அந்த இழுப்பில் படுத்துவிடுகின்றன. உடனே ஆயில் தற்காலிகமாக இளகிவிடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு கெட்டி மிஞ்சுகிறது என்பதை 150 டிகிரியில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற இழுப்பு வேகத்தில் அளக்கிறார்கள். அதுதான் எச்.டி.எச்.எஸ்., அதாவது ஹை டெம்பரேச்சர் ஹை ஷியர். அதன் அலகு மில்லிபாஸ்கல்-விநாடி.

எஸ்.ஏ.இ. கேட்கும் குறைந்தபட்சம் 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9, 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ-வோடு வரும் 40-க்கு 3.5. சிக்கல் இந்த 30-இல்தான். 2.9 இருந்தாலும் 30 தான், 3.5 இருந்தாலும் 30 தான். எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த 5டபிள்யூ-30 பெரும்பாலும் 3.0, 3.1-இல் நிற்கும். ஐரோப்பியக் கார்களுக்குச் செய்த 5டபிள்யூ-30 3.5-க்குக் குறையாது. இரண்டு கேனிலும் ஒரே எண்தான் பெரிதாக அச்சடித்திருக்கும். பேரிங்கின் பார்வையில் இரண்டாவது ஆயில் 40-க்குப் பக்கத்து வீடு.

ஆகவே "30 ஊற்றினேன், பத்தவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் "எந்த 30?" என்று கேளுங்கள். கம்பெனி வெளியிடும் டேட்டா ஷீட்டில் இந்த எண் இருக்கும். இல்லாவிட்டால் கீழே சொல்லும் ஒப்புதல் எண்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கேனின் பின்பக்கம் எழுத்தும் எண்ணுமாக வரிசையாக இருக்கிறது. எதைப் பார்ப்பது?

முதலில் உங்கள் காரின் கையேட்டில் எந்த ஒப்புதல் எண் இருக்கிறதோ அதை. கிரேடைவிட அது முக்கியம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களில் 502 00 அல்லது 504 00 என்றால் எச்.டி.எச்.எஸ். குறைந்தது 3.5. 508 00 என்றால் 0டபிள்யூ-20, எச்.டி.எச்.எஸ். 2.6-க்கு மேல், பச்சை நிறமும் கலந்திருக்கும். போர்ஷே ஏ40, பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.5 எல்லாம் 3.5 வகையறா.

ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. வகைப்பாட்டில் ஏ3/பி4, சி3 இரண்டும் 3.5-க்கு மேல். ஏ5/பி5 என்றால் 2.9-க்கும் 3.5-க்கும் நடுவே. ஏ3/பி4-க்கும் சி3-க்கும் வித்தியாசம், ஆயில் எரிந்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு. சி3-இல் குறைவு, புகை வடிகட்டி உள்ள கார்களுக்கு அது நல்லது. முன்பு நம் பெட்ரோலில் கந்தகம் கூடுதலாக இருந்ததால் ஏ3/பி4-தான் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்து கந்தகம் 50 பி.பி.எம்.-லிருந்து 10-க்கு இறங்கியபின் அந்தக் கவலை போயிற்று.

அமெரிக்க ஏ.பி.ஐ.-யில் எஸ்.பி. அல்லது அதற்கு அடுத்து வந்தது இருக்கிறதா என்று பாருங்கள். இது கெட்டித்தன்மையைப் பற்றியது இல்லை. குறைந்த ஆர்.பி.எம்.-இல் அதிக லோடு கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நோய் ஒன்று, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களுக்கு உண்டு. எல்.எஸ்.பி.ஐ. என்பார்கள். பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் உள்ள கால்சியம் டிடர்ஜென்ட் அதைத் தூண்டுகிறது என்று தெரிந்தபின், 2018-இல் எஸ்.என். பிளஸ், 2020-இல் எஸ்.பி. என்று சோதனைகள் சேர்க்கப்பட்டன. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய எஸ்.எல்., எஸ்.எம். ஆயிலை டர்போ காரில் ஊற்றாதீர்கள்.

கேனில் "ஒப்புதல் பெற்றது" என்பதும் "தேவைகளைப் பூர்த்தி செய்யும்" என்பதும் வேறு வேறு. முதலாவது கார் கம்பெனி சோதித்துக் கொடுத்தது. இரண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆனால் ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் நான் முதலாவதை எடுப்பேன்.

கையேட்டில் 0டபிள்யூ-20 போட்டிருக்கிறது. மைலேஜ் கணக்குக் காட்டத்தானே?

பாதி உண்மை. மெல்லிய ஆயிலால் எரிபொருள் மிச்சமாகும், அரசாங்கங்கள் கேட்கும் சராசரி மைலேஜ் கணக்குக்கு அது உதவும். ஆனால் 20-க்காகவே வடிவமைத்த என்ஜினில் பேரிங் அகலம், பூச்சு, பம்ப் எல்லாம் அதற்கேற்ப வைத்திருப்பார்கள். அதில் 20 ஊற்றுவதால் மட்டும் கார் சீக்கிரம் கெட்டுவிடாது.

இன்னொரு பாதியைக் காட்ட ஃபோர்டிடம் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற மஸ்டாங் எக்கோபூஸ்டிலும், ஃபோகஸின் வேக ரகமான ஆர்.எஸ்.-இலும் இருந்தது ஒரே குடும்பத்து 2.3 லிட்டர் டர்போ என்ஜின். மஸ்டாங்குக்கு 5டபிள்யூ-30 சொன்ன ஃபோர்டு, ஆர்.எஸ்.-க்கு 5டபிள்யூ-50 சொன்னது. ஆர்.எஸ். வாங்குகிறவர் அதை எப்படி ஓட்டுவார் என்று ஃபோர்டுக்குத் தெரியும். ஒரே இரும்புக்கு இரண்டு ஆயில் என்றால், வித்தியாசம் ஓட்டும் விதத்திலும் அதனால் ஏறும் சூட்டிலும்தான் இருக்கிறது.

என் ஆலோசனை இது. வாரன்டி இருக்கும்வரை கையேடு அனுமதிக்கும் பட்டியலுக்குள்ளேயே நில்லுங்கள். அந்தப் பட்டியலில் 20-ம் இருந்து, 30 அல்லது 40-ம் இருந்தால், விரட்டி ஓட்டுகிறவர் இரண்டாவதை எடுக்கலாம். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கெட்டியாக ஊற்றினால் இன்னும் பாதுகாப்புத்தானே? 10டபிள்யூ-60, 20டபிள்யூ-50?

இதைத்தான் நான் செய்தேன். டிராக் நாளுக்கு முந்தின வாரம், நண்பர் ஒருவர் சொன்னார் என்று 10டபிள்யூ-60 ஊற்றினேன். பி.எம்.டபிள்யூ. எம்3-க்கே அதைத்தான் ஊற்றுகிறார்கள், நம் கார் எம்மாத்திரம் என்ற நினைப்பு. காலையில் ஆயில் சூடாகும்வரை கார் ஈர மூட்டையைச் சுமப்பதுபோல நகர்ந்தது. மைலேஜ் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. இவை எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அதே சாலையில், அதே வேகத்தில், ஆயில் சூடு முன்பைவிடக் கூடுதலாகக் காட்டியது.

யோசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. கெட்டியான பாகைக் கிளறினால் கை வலிக்கிறது. அந்த உழைப்பு எங்கே போகிறது? சூடாகத்தான் போகிறது. பேரிங்குக்குள்ளும் அதே கதை. போதாததற்கு, கெட்டி ஆயிலை நெட்டும்போது பம்பின் அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும், ஆயிலின் ஒரு பகுதி பேரிங்குக்கே போகாமல் திரும்பிவிடும். ஆயில் ஆறியிருக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்து, வடிகட்டாத ஆயில் உள்ளே போகும். இன்றைய டர்போ என்ஜின்களில் பம்பும் வால்வு டைமிங்கும் ஆயில் அழுத்தத்தைக் கணக்குப் பார்த்துத்தான் இயங்குகின்றன. அந்தக் கணக்கு 30, 40-க்குப் போட்டது. மீட்டரில் அழுத்தம் கூடுதலாகத் தெரிவதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். சூட்டை எடுத்துச் செல்வது ஓடும் ஆயில்தான்.

அப்புறம் அந்த எம்3 விஷயம். 10டபிள்யூ-60 வாங்கிய இ46 எம்3-இன் என்ஜின் டர்போ இல்லாதது, 8,000 ஆர்.பி.எம். வரை சுற்றுவது. பின்னால் எம்3 டர்போவுக்கு மாறியபோது 60-ஐ விட்டுவிட்டு மெல்லிய ஆயிலுக்குத்தான் வந்தார்கள். இதை ஆயிலை ஊற்றும் முன்பு படித்திருந்தால் எனக்கு ஐந்தரை லிட்டர் மிச்சமாகியிருக்கும்.

30-லிருந்து 40-க்குப் போவதில் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

சரியான கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. சாதாரண 5டபிள்யூ-30 ஒன்று 100 டிகிரியில் 11.5 சென்டிஸ்டோக், 5டபிள்யூ-40 ஒன்று 14 என்று வையுங்கள். வெப்பத்தோடு அவை எப்படி இளகும் என்று கணக்குப் போட்டால், 110 டிகிரியில் அந்த 40 ஏறத்தாழ 11.5-க்கு இறங்கியிருக்கும். அதாவது ஒரு கிரேடு என்பது ஏறத்தாழ பத்து டிகிரி. 120-க்குப் போனால் அது 9.5-க்குப் பக்கம். 130-இல் 8, அதாவது 20 கிரேடு ஆயில் 100 டிகிரியில் இருக்கும் நிலை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். ஆயில் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று தெரியாமல் கிரேடைப் பற்றிச் சண்டை போடுவது வீண். வெளியே வெயில் எவ்வளவு என்பது பெரிய விஷயமே இல்லை. கூலன்ட் 90 டிகிரியில் தெர்மோஸ்டாட்டால் கட்டுப்பட்டிருக்கிறது. பல டர்போ கார்களில் அந்தக் கூலன்ட்டே ஆயிலையும் குளிர்விக்கிறது. மே மாதம் வேலூர் வழியாகப் போகும்போதும் என் காரின் ஆயில் நூறை ஒட்டித்தான் இருந்தது. அதே கார் டிசம்பரில், செட்டிபாளையத்தில், நாலாவது லாப்பில் 125-ஐத் தொட்டது.

உங்கள் காரின் திரையில் ஆயில் சூடு காட்டும் வசதி இருந்தால் ஒரு மாதம் கவனியுங்கள். 110-க்குள்ளேயே நின்றால் கையேட்டு கிரேடு போதும், வேறு யோசனையே வேண்டாம். 120-ஐத் தாண்டி அடிக்கடி நின்றால் ஒரு கிரேடு ஏறலாம். 130-க்கு மேல் போகிறது என்றால் ஆயில் கூலரைப் பற்றி யோசியுங்கள். பத்து டிகிரியைக் குறைக்கும் கூலர், ஒரு கிரேடு ஏற்றியதற்குச் சமம்.

டிராக் நாளுக்குப் போகிறேன். என்ன செய்ய?

செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர், வளைவுகள் நெருக்கம். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், நேர்ப்பாதையில் காற்று கிடைக்கும். காரியில் வேகம் குறைவு என்பதால் கார் சூடாகாது என்று நினைப்பவர்கள் உண்டு. கார் முகப்பில் காற்று குறைவாகப் படுவதால் அங்கேதான் சீக்கிரம் சூடேறும்.

ஆயில் புதிதாக இருக்கட்டும், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயிலோடு போகாதீர்கள். 30 ஊற்றும் கார் என்றால் அதே ஒப்புதல் உள்ள 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40, எச்.டி.எச்.எஸ். 3.5-க்கு மேல். டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சினால் எந்த கிரேடும் காப்பாற்றாது. கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள், கிராங்க் அடித்து நுரையாகிவிடும். மூன்று நான்கு லாப் விரட்டினால் ஒரு லாப் மெதுவாக. திரையில் 130 தெரிந்தால் உள்ளே வந்துவிடுங்கள். அன்று எத்தனை லாப் ஓட்டினாலும், வீடு திரும்பிய சில வாரத்துக்குள் ஆயிலை மாற்றிவிடுவேன்.

வால்பாறை, கொல்லிமலை?

வால்பாறையின் 40 கொண்டை ஊசியும் கொல்லிமலையின் 70-ம் ஆயிலுக்குப் பெரிய சோதனை இல்லை. கொஞ்சம் சூடேறும், அவ்வளவுதான். அங்கே உங்கள் பிரேக் ஃப்ளூயிடைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஸ்டேஜ் 1 ரீமேப் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி டார்க்கைக் கூட்டுவது) செய்திருக்கிறேன். கண்டிப்பாக 50 ஊற்ற வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம். டார்க் கூடினால் பேரிங் மேல் சுமை கூடும், ஆகவே எச்.டி.எச்.எஸ். 3.5-க்குக் கீழே போகாதீர்கள், அதுவரை சரி. 0டபிள்யூ-20 ஓடும் காரை ரீமேப் செய்திருந்தால் அந்த 20-ஐ விட்டுவிடச் சொல்வேன். அதற்கு மேல் ஏறுவதை ஆயில் சூடு முடிவு செய்யட்டும்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கிறது. ஆயில் அளவும் கூடியிருக்கிறது!

நேரடி இன்ஜெக்ஷன் என்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கும். நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடினால் ஆவியாகிப் போய்விடும். காந்திபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் என்று தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் அது போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். கேனில் 40 என்று வாங்கிய ஆயில் அப்போது உள்ளே 30-ஆக ஓடிக்கொண்டிருக்கும். ஆயில் குறையாமல் இருப்பதைப் பார்த்து "என் கார் ஆயிலே குடிக்காது" என்று பெருமைப்படுகிறவர்கள் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

மருந்து இரண்டு: வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பைபாஸில் ஓட்டுவது, ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது. எச்.டி.எச்.எஸ். 3.0-இல் தொடங்கும் ஆயிலைவிட 3.5-இல் தொடங்குவது இங்கே கொஞ்சம் கையிருப்பு கொடுக்கும். அளவு வேகமாக ஏறினால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது?

கையேட்டில் 15,000 என்று இருந்தால் நான் 7,500-இல் மாற்றுகிறேன். விலை கூடிய ஆயிலை நீண்ட நாள் ஓட்டுவதைவிட, ஒப்புதல் பெற்ற சாதாரண ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது டர்போவுக்கு நல்லது. ஃபில்டரும் கூடவே.

காரை நிறுத்தும் முன் ஐடிலில் விட வேண்டுமா?

டர்போவுக்குள் ஆயில் தீய்வதைத் தடுக்கத்தான் அந்தப் பழக்கம் வந்தது. இன்று பல கார்களில் நிறுத்திய பிறகும் ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப் டர்போவுக்குள் கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது. ஊருக்குள் ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸ்பிரஸ் வேகத்தில் வந்து நேராக டீக்கடை வாசலில் நிறுத்துகிறீர்கள் என்றால் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக வாருங்கள், அது போதும்.

இதைவிடக் காலை நேரம்தான் முக்கியம். 30 டிகிரியில் ஆயில், சூடான ஆயிலைவிட ஒன்பது மடங்கு கெட்டி. கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. ஆயில் 80-ஐத் தொடும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்து டர்போவிடம் பூஸ்ட் கேட்காதீர்கள்.

ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் பாட்டில்?

வேண்டாம். சமையல் முடிந்த சாம்பாரில் பக்கத்து வீட்டு மசாலா.

பாதி வழியில் ஆயில் குறைந்துவிட்டது, என் கிரேடு கிடைக்கவில்லை. வேறொன்றை ஊற்றலாமா?

ஊற்றலாம். ஏ.பி.ஐ. தரமுள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. அரை லிட்டர் 5டபிள்யூ-40, ஐந்து லிட்டர் 5டபிள்யூ-30-ஐ ஒன்றும் செய்யாது. குறைந்த அளவோடு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவதுதான் ஆபத்து. சீல் உடையாத கேன், பில் கொடுக்கும் கடை, இரண்டும் பார்த்து வாங்குங்கள். சாலையோரம் கேன் இல்லாமல் சில்லறையில் அளந்து ஊற்றித் தருவதை டர்போ காருக்கு வாங்காதீர்கள். டிக்கியில் உங்கள் கிரேடில் ஒரு லிட்டர் போட்டு வையுங்கள், ஸ்டெப்னி குழிக்குள் அதற்கு இடம் இருக்கும்.